நான்கு திருகாணியோடு ஒரு பால்குடம்

மலேசியாவில், கூலாய் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். இடுப்புவலி எனக்குப் பழைய கதை. அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தது, நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காள். யோங் பெங்கில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிற கிழவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். நழுவின எலும்பை உள்ளே தள்ளுகிறேன் என்று அந்த மனுசன் என் முதுகில் ஏறி நின்றார். நானும் வாயை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் வலது பாதம் மரத்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற லாரியை இடிக்காமல் வேன் நின்றது தெய்வச் செயல். பின்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றே சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இடுப்பு முள்ளெலும்பு ஒன்று கீழெலும்பைவிட்டு முன்னால் நகர்ந்து, காலுக்குப் போகும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சின்னப் பெண். அறுவை சிகிச்சையில் நரம்புக்கு முதலில் இடம் பண்ணிக் கொடுப்பார்களாம். பிறகு மேலெலும்பில் இரண்டு, கீழெலும்பில் இரண்டு திருகாணி, இரண்டு பக்கமும் கம்பி. நடுவில் எலும்புத் துண்டுகளை வைத்தால் இரண்டு எலும்பும் ஒன்றாக வளர்ந்துவிடும், அதுவரை பிடித்துக்கொள்ளத்தான் திருகாணி என்றார். கழன்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சில பேருக்குக் கழல்வதும் உண்டு என்றார். பாதத்தில் உணர்ச்சி திரும்புமா என்றால், அதற்கும் உறுதி சொல்ல முடியாதாம். உணர்ச்சி வராமல் வேனைத் தொடக்கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். பூசி மெழுகாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் ரகளை. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்றார் அண்ணி. கத்தி இல்லாமல் குணமானால் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக, என்னைக் கேட்காமலே முருகனிடம் வேண்டியும் இருந்தார். வந்ததே எனக்குக் கோபம்.

“அண்ணி, முதுகு என்னோடது. கையெழுத்தும் நானே போடுறேன்.”

போட்டேன். கண் விழித்தபோது வலியில் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நடை வண்டியைப் பிடித்து நடந்து, பிறகு அதையும் விட்டேன். அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது, சின்னக் குடம் தூக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பாதம் இன்னும் கட்டையாகவே கிடந்தது. வேன் சாவியும் சுவர் ஆணியிலேயே தொங்கியது.

கத்தி வைத்தாயிற்று, அந்த வேண்டுதல் செல்லாது, எடுக்காதே என்று அண்ணி தடுத்தார்.

“உங்க வேண்டுதல் செல்லாது, சரி. மயக்க ஊசி போடறப்ப நான் வேண்டினது எனக்கும் முருகனுக்கும்தானே தெரியும்?”

குடத்தோடு வெறுங்காலில் நடந்தேன். வெயில் ஏறி, தார்ச்சாலை கொதித்தது. முதலில் இடது கால் சுட்டது. நடக்க நடக்க, வலது குதிகாலில் என்னவோ குறுகுறுத்தது. பிறகு பாதம் முழுக்கத் தீயாய்ச் சுட்டது. சாலை நடுவில் நின்று அழுதேன். கூடவே நடந்துவந்த அண்ணி பதறிப்போய், என் காலில் ஊற்றத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார்.

“ஊத்தாதீங்க அண்ணி,” என்றேன். “சுடட்டும்.”