மேல் டிவிஷன் ஜீப் யார் பொறுப்பு

மேல் டிவிஷன் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஜீப் நின்றுபோனது. ஓட்டினவன் நான். ஜீப் தொழிலில் காது திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். எனக்கு வயசாகிவிட்டது, இனி மூடுவதாக இல்லை. அரசாங்கக் காரியத்துக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இருக்காது.

கேரளத்தில், தேவிகுளத்துக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். மேல் டிவிஷன் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பள்ளிக்கூடம் போக, விறகுக்காகப் போட்ட யூக்கலிப்டஸ் காட்டைத் தாண்ட வேண்டும். காட்டில் யானை. அதனால்தான் ஜீப்.

ரெண்டு போர்டு

ஜீப் என்னுடையது. வாடகையில் பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. எங்கள் பக்கம் கேந்திரம், சம்ஸ்தானம் என்போம். கேந்திரத்து ஆள் சோதனைக்கு வந்தார். எங்கள் திட்டத்தின் பேர் வண்டியில் எங்கே என்றார். எழுதி மாட்டினேன். பிறகு சம்ஸ்தானத்து ஆள் வந்தார். இதை யார் மாட்டச் சொன்னது, நாங்கள் ஒன்றும் தரவில்லையா என்றார். கழற்றினேன்.

கடைசியில் ரெண்டு போர்டு செய்து, கொக்கி வைத்து, வருகிற ஆளைப் பார்த்து மாட்டினேன். தூரத்தில் கார் தெரிந்தால் பிள்ளைகளே "தாத்தா, டெல்லி" என்று குரல் கொடுக்கும். ஸ்டாண்டில் பக்கத்து வண்டி அந்தோணி இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டியக் குறுக்க அறுத்து ஆளுக்குப் பாதி குடுத்திரும் அண்ணாச்சி. ஸ்டெப்னிய நீரு வச்சுக்கிடும்."

பொதுப் பட்டியல்

அப்புறம் கேந்திரம் ஒரு ஒப்பந்தத்தை நீட்டியது. கையெழுத்துப் போட்டால்தான் பணம். பாடத்தில் கை வைப்பார்கள், போடமாட்டோம் என்றது சம்ஸ்தானம். பணம் நின்றது. ஜீப் நின்றது. நான் டவுனுக்கு ஆள் ஏற்றினேன்.

ஒரு நாள் முன் சீட்டில் ரெண்டு பேர். ஒருவர் ரிட்டயர் ஆன வாத்தியார். மற்றவர் உடும்பஞ்சோலை ஏலக்காய் வியாபாரி. கல்வி முன்னே மாநிலத்தின் கையில்தான் இருந்தது, பிறகுதான் ரெண்டு அரசுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றினார்கள் என்றார் வாத்தியார். லயத்துப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று டெல்லிக்கு எப்படித் தெரியும்? வரி நம்முடையது, திருப்பித் தர நிபந்தனையா? வியாபாரி விடவில்லை. கொடுக்கிறவன் கணக்குக் கேட்பான். மொத்தமாக மாநிலத்திடம் கொடுத்தால் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போய், மேல் டிவிஷனுக்கு மிச்சம் வராது என்றார். ரெண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

பொது என்றால் சேர்ந்து செய்வது என்று வாத்தியார் முடிக்கப் பார்த்தார். வியாபாரி லயத்தில் பிறந்தவர். "ரெண்டு ஊட்டுக்கும் பொதுன்னா எவனும் கழுவமாட்டான் சாரே. எங்க லயத்துக் கக்கூஸப் போய்ப் பாரும்."

ஆபீஸில்

பேச்சியம்மாள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவள் புருஷனை அந்த யூக்கலிப்டஸ் காட்டு வழியில்தான் யானை அடித்தது. மகள் ஈஸ்வரி பத்தாம் வகுப்பு. மேல் டிவிஷனில் அந்த வருஷம் பரீட்சை எழுத இருந்தது அவள் ஒருத்திதான். ஜீப் நின்றதும் பேச்சியம்மாள் மகளை வீட்டோடு நிறுத்திவிட்டாள். பெண்ணைப் பெற்ற மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு கீழே கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையான ஆள். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பிறகு விளக்கினார்: வண்டி கேந்திரத்து விஷயம், யானை வனத்துறை விஷயம், வழி கம்பெனி விஷயம், நாங்கள் படிப்பு மட்டும். பேச்சியம்மாள் டீயைத் தொடவில்லை. "அப்ப எங்க ஊட்டுக்காரரு செத்தது யாரு விஷயம் சார்?"

சும்மா ஓட்டினேன்

காசு வாங்காமல் சும்மா ஓட்டவேண்டியதுதானே என்பீர்கள். ஓட்டினேன். அந்த வாரமே வளைவில் ஆர்.டி.ஓ. ஆட்கள் வண்டியைப் பிடித்தார்கள். ஆர்டர் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றார்கள். ஈஸ்வரியும் மற்றப் பிள்ளைகளும் இறங்கி ரோட்டோரம் மழையில் நின்றார்கள். பிடித்தவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளைத் தன் வண்டியில் லயத்தில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆனை அடிச்சா என்னை ஆரும் கேக்கமாட்டாங்க சேட்டா. ஜீப் மறிஞ்சு கவுந்தா என்னைத்தான் கேப்பாங்க."

ஏலக்காடு

ஏலக்காய் எடுக்க உடும்பஞ்சோலைக்கு ஆள் கொண்டுபோகும் ஓட்டம் கிடைத்தது. அங்கேயே தங்கி வேலை. முதல் நாள் காலை மேல் டிவிஷனில் வண்டியை நிறுத்தினால், துணிப்பையோடு ஈஸ்வரி நிற்கிறாள். சும்மா இருந்து என்ன செய்ய, சித்தி அங்கே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்றாள் பேச்சியம்மாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கிளம்ப முடியவில்லை. எதிரே கொழுந்து ஏற்றும் டிராக்டர் வந்தது. வழி விட்டு வண்டியை ஒதுக்கினேன். அது தினமும் வருவது, மழையானாலும் யானையானாலும். ஈஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "கொழுந்துக்கு ஒரு நாளும் வண்டி நின்னதில்லியேம்மா."

கத்தரி

பேச்சியம்மாள் பையைப் பிடுங்கினாள். மகளை இறக்கினாள். என்னைப் போகச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக் டக் டக் என்று, கல்லுடைக்கிற மாதிரி. தார் ரோட்டில் வண்டியோடு நின்றிருந்தேன். முன்னால் பேச்சியம்மாள், பின்னால் டிவிஷன் பெண்கள் அத்தனை பேரும், ஆளுக்கு ஒரு கொழுந்து வெட்டும் கத்தரி. வெட்டாமல் வெறுமனே அலகை அடித்துக்கொண்டே நடந்தார்கள். நடுவில் பிள்ளைகள். ஈஸ்வரி புத்தகப் பையோடு வந்தாள். பள்ளிக்கூடம் இருக்கிற ரோட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு அவர்கள் ஓடினார்கள். சாயங்காலமும் அப்படியே. யானை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சத்தம் கேட்டால் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். ஒதுங்காத நாளும் வரலாம். அது அந்தப் பெண்களுக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் ஒரு நாள் மறித்தார். கத்தரி கம்பெனிச் சாமான், கொழுந்து வெட்ட மட்டும்தான், இதற்கு யார் ஆர்டர் கொடுத்தது என்றார். பேச்சியம்மாள் நடையை நிறுத்தவில்லை. "தேஞ்சா சொல்லுங்க சார், டெல்லிக்குப் பாதி, திருவனந்தபுரத்துக்குப் பாதின்னு எழுதிக்கிடலாம்."

ஈஸ்வரி பரீட்சை எழுதிவிட்டாள், என் ரெண்டு போர்டும் கோழிக்கூட்டுக்குக் கதவாகிவிட்டன, கல்வி யார் கையில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இப்போதைக்கு அது இருப்பது மேல் டிவிஷன் பேச்சியம்மாள் கையில்.