காலி நாற்காலிக்குச் சொன்ன பதில்

போன ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்குப் போயிருந்தேன். என் நண்பர் நாராயணசாமி அங்கே விவசாயம் பார்க்கிறார். அவருக்கு ஒரே மகன் – கலியபெருமாள். பத்தொன்பது வயது, வாட்டசாட்டமான பையன். தானாக ஏதாவது பேசுவான். நாம் கேட்டால் மட்டும் பதில் வராது.

அரியலூரிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்திருந்தார் நண்பர். டாக்டர் எதையும் அளந்து பார்க்கிறவர். பையனை எதிரே உட்காரவைத்து, கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பேர் என்னப்பா?"

ஒரு நிமிஷம் காத்திருந்தார். பதில் இல்லை.

"காலையில என்ன சாப்பிட்டே?"

இன்னொரு நிமிஷம். அவன் டாக்டரின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வூட்ல யாரை ரொம்பப் பிடிக்கும்?"

ம்ஹூம்.

"மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்க போய்த் தங்குறியா?"

அதற்கும் மௌனம்தான்.

"கேள்வி உள்ளயே போகலீங்க. கொண்டுபோய் விட்டுடறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். நண்பர் தலையாட்டினார். அவர் மனைவி செல்லம்மாள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கு வைக்கிற நேரம். கூடத்தில் மெட்ராஸ் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கலியபெருமாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எதிரே, டாக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

"கலியபெருமாளுங்க" என்றான், அந்த நாற்காலியிடம்.

எங்கள் பேச்சு நின்றது. அவன் காத்திருந்தான்... எதிரே இருப்பவர் அடுத்ததைக் கேட்டு முடிக்கட்டும் என்பது போல.

"கம்பங்கூழுங்க."

மறுபடி இடைவெளி.

"அம்மாவ."

நாற்காலிப் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"வேணாங்க. பயமா இருக்கு."

செல்லம்மாள் அழுதுவிட்டார். "இவனுக்கு எப்பவும் இப்படித்தாங்க... மெதுவாத்தான் வரும். எங்க கொழுந்தனாரு சாகறதுக்கு முன்னாடி கேட்டதுக்கு, அவரு காரியம் முடிஞ்ச அன்னிக்கு அவரு கட்டிலப் பார்த்து பதில் சொன்னான். வெளிய தெரிஞ்சா பேய் புடிச்சிருக்கும்பாங்கன்னு மூடி வச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் நண்பர். பிறகு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மெட்ராஸ் போக வேணாம்டா."

பதிலுக்கு ஒரு நிமிஷம்தான் கெடு என்று யார் விதித்தது? அந்த வாட்ச் அளந்தது பையனுடைய பேச்சையா, நம்முடைய பொறுமையையா?

மறுநாள் காலை விடைபெறும்போது, "போயிட்டு வரட்டுமா தம்பி?" என்று கேட்டேன். பேசாமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

இதற்குள் பதில் சொல்லியிருப்பான். கேட்க நான்தான் அங்கே இல்லை.