கையைத் தூக்கச் சொன்ன கூட்டம்

தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரையின் ஜீப் கலஹா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சத்தம் கேட்டாலே அம்மா கதவைச் சாத்திவிடுவாள். அடுப்பில் சோறு பொங்கினாலும் சரி, வாசலில் துணி நனைந்தாலும் சரி. ஜீப் எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டிப் போன பிறகுதான் திறப்பாள். "காத்து அடிச்சிச்சு, அதான் சாத்துனேன்" என்பாள். காற்றாம் காற்று! எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் பயந்து நடுங்கினால் வீடு என்னத்துக்கு ஆவது என்று நான் அதட்டிப் பேசிக்கொள்வேன்.

காரணம் இதுதான். முழங்கால் மடங்காமல் போனதும் அம்மா கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டாள். அப்பா இல்லை. நான் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஆக, எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவரும் இல்லை. லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். மலைக்கு ஆள் அனுப்பாத வீட்டை எந்த நேரமும் திருப்பிக் கேட்கலாம். மேல் லயத்தில் ஒரு குடும்பத்திடம் அப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் அலுமாரியை லொறியில் ஏற்றியதைப் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. கூரைத் தகரம் நாங்கள் மாற்றியது, தரைக்குச் சீமெந்து நாங்கள் போட்டது, என் அப்பா பிறந்ததும் செத்ததும் அதே காம்பராவில். ஆனாலும் அது எங்களுடையது இல்லையாம். என்ன நியாயமோ!

காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடி வேலை பிரிப்பதற்கு முன்பே நான் பின்பக்கப் பாதையால் இறங்கி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். பக்கத்துக் காம்பரா அத்தை கண்டால் விடமாட்டாள். அவள் இன்னும் கொழுந்து பறிக்கிறவள், அதனால் வாய் நீளம்.

"என்னா மருமகளே, கோழி திருடுனவ மாதிரி பதுங்குற? மடியில கனம் இருந்தா வழியில பயந்தான்!"

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அத்தை. தொரை பங்களா வரைக்கும் கேக்கட்டும்."

இந்த நிலைமையில்தான் வீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். தோட்டத்துக்கு வெளியே, பேராதனைக்குப் போகிற பஸ் ரோட்டை ஒட்டி, காணி உறுதிப் பத்திரத்தோடு வீடு கட்டித் தருவார்களாம். வீடு எப்படி இருக்க வேண்டும், யார் யாருக்கு என்பதையெல்லாம் எங்களையே கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம்.

"நம்மளக் கேட்டா?" என்று அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "காலம் போன காலத்துலயாச்சும் கேக்குறாங்களே. லயம் கட்டுன வெள்ளக்காரன், கால நீட்டுனா சொவரு இடிக்குமான்னு நம்ம பாட்டன்கிட்ட கேட்டானா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. திட்டத்தை நடத்தும் கண்டி ஆபீஸிலிருந்து வந்த மிஸ் ஒரு முஸ்லிம் பெண். எங்களோடு பாயில் உட்காரப் பார்த்தார், நாங்கள்தான் பிடிவாதமாகக் கதிரையில் உட்கார வைத்தோம். நல்ல மனுஷி; 'இருக்கிறீங்க' என்பது அவர் பேச்சில் 'ஈக்கிறீங்க' என்று வரும். சுவரில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு, "எப்புடி வீடு வேணும்? நீங்க சொல்லுங்க, நான் கீறுறேன்" என்றார்.

முதலில் எல்லோருக்கும் கூச்சம். பிறகு அத்தை, "கக்கூசு குசினியோட ஒட்டிக்கிட்டு வேணாம் மிஸ்" என்றாள். கூட்டமே சிரித்தது. அதோடு கூச்சம் போய்விட்டது. விறகு அடுக்க இடம், வயதுக்கு வந்த பிள்ளைக்கு மறைவாக ஓர் அறை, மாட்டுக்குக் கொட்டில், சாவு விழுந்தால் நாலு பேர் உட்கார முற்றம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் அம்மாகூட, "கதவுக்கு நல்ல பூட்டு வேணும் மிஸ். சாவி எங்க கையில இருக்கணும்" என்றாள். மிஸ் பூட்டையும் கீறினார். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

தொரை உள்ளே வந்து முன் கதிரையில் உட்கார்ந்தார். "பேசுங்க, பேசுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பேச்சு அப்படியே படுத்துவிட்டது. மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. அவர் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"இந்த வீடுகள் மொதல்ல தோட்டத்துல ஈந்துக்கிட்டு வெளிய வேலைக்குப் போற குடும்பங்களுக்குத்தான். யாரு யாரு ஈக்கிறீங்க? கைய ஒசத்துங்க பாப்பம்."

அட பாவி மனுஷி! இதை யார் முன்னால் கேட்பது? எதை மறைக்க நான் விடியுமுன் பதுங்கிப் பதுங்கி இறங்குகிறேனோ, அதைத் தொரையின் முகத்துக்கு நேரே கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். தூக்கினால் இருக்கிற காம்பரா போகும். தூக்காவிட்டால் வரப்போகிற வீடு போகும். வீடு கட்டி முடிக்க எத்தனை வருஷமோ, காம்பராவைக் கேட்பதற்கு ஒரு வார்த்தை போதும்.

நான் சுற்றிப் பார்த்தேன். பல்லேகல கார்மென்ட்ஸுக்குப் போகிற பிள்ளை குனிந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு கை எழவில்லை.

"ஒருத்தருமே இல்லியா?" மிஸ்ஸின் முகம் வாடிப்போயிற்று. "அப்படியெண்டா இத வேற தோட்டத்துக்குத்தான் குடுக்க வேண்டி வரும்."

என் கை எழுந்தது. துணிச்சலில்லை, எரிச்சல். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "கைய எறக்குடி. இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசப்படாத."

தொரை திரும்பிப் பார்த்தார். "நீ எந்த லயம்?"

கடையில் நாள் முழுக்கப் பேசித் துணி விற்கிறவள், என் லயத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் அம்மா எழுந்து கும்பிட்டாள்.

"எங்க புள்ளதாங்க தொரை. சின்னப்புள்ள, தெரியாமத் தூக்கிட்டா. நாளைக்கே பெரட்டுக்கு வந்து பேர் பதிஞ்சுருவா."

முப்பது தாண்டிய சின்னப்பிள்ளை நான்!

தொரை கத்தவில்லை. "சரி. நாளைக்கு உங்க காம்பராவுல இருந்து ஆள் வரணும்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் மிஸ்ஸுக்கு விஷயம் உறைத்தது. கூட்டம் கலையும்போது கிட்டே வந்து, "நான் கேட்டது பிழையாப் போச்சு. ஒங்கட பேர எழுதவா, வேணாமா? தோட்டத்துல பேர் பதிஞ்சா இதுல சேர ஏலாது" என்றார். அம்மா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள், வேண்டாமென்று. நான் எழுதச் சொன்னேன்.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். நாளைக்குப் பெரட்டுக்குப் போனால் வீடு இல்லை, போகாவிட்டால் காம்பரா இல்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

விடிந்து பார்த்தால் அம்மா பாயில் இல்லை. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கொழுந்துக் கூடையையும் காணவில்லை. நான் முடியைக்கூட வாராமல் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன்.

பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக, செடி கிழிக்காமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை அவளிடம், "இந்த வயசுல பேர் பதிய ஏலாது. கைக்காசுக்குன்னா ஏறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பறிக்கிற கொழுந்துக்கு மட்டும் கையில் காசு, பேர் ஏறாது, அவ்வளவுதான் கைக்காசு. தொரை ஜீப் அருகில் நின்றார். அம்மா அவருக்குக் கேட்கும்படி சொன்னாள், "எங்க காம்பராவுல இருந்து ஆள் வந்துருச்சுங்க தொரை."

அவர் தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நான் கிட்டே போனதும் அம்மா பல்லைக் கடித்தாள். "என்னா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஒம் பேரத்தான் வீட்டுக்கு எழுதியாச்சுல்ல. பஸ்ஸு போயிரும், ஓடு."

அத்தை அவள் கூடையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மா ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி மலைப்படி ஏறினாள்.

வீடு வரும்வரை அவள் ஏறத்தான் வேண்டும். எப்போது வரும் என்று மிஸ்ஸிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மழை பெய்தால் அந்த மலை சவர்க்காரம் போட்ட மாதிரி வழுக்கும், இந்த மாதம் மழை விடவேயில்லை. கடையில் என் ஃபோன் அடிக்கும்போதெல்லாம், அதை எடுக்கவே பயமாக இருக்கிறது.