வெள்ளரி ஊறிய வாளி

அந்த அட்டைப்பெட்டியைக் கடையிலிருந்து தூக்கி வந்த நாளிலேயே நெட்டி பாய்ச் என்பவளுக்குக் குமட்டியது.

வீட்டிலேயே ஒயின் தயாரிக்க எல்லாம் அதற்குள் இருக்கும் என்றார்கள். இருந்தது. மருத்துவமனையில் ஏற்றும் ரத்தப் பை மாதிரி ஒரு பெரிய பையில் கெட்டியான திராட்சைச் சாறு. ஒரு பொட்டலம் களிமண் தூள், ஒரு பொட்டலம் ஈஸ்ட். கடைசியில் ஒயினைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஏதோ கூழ். இதையா மகள் கல்யாணத்தில் ஊற்றுவது? ஆனாலும் துணிந்தாள். காரணம் மெட்ரோ.

மெட்ரோ அவளுடைய முன்னாள் கணவன். இருபத்திரண்டு வருடம் கனடாவின் யார்க்டனில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிய சம்பளத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பல் டாக்டரிடம் கணக்கு எழுதியவளோடு கெலோனாவுக்குக் கிளம்பிப் போனவன். திராட்சைத் தோட்டங்களின் ஊர். மகள் தமாராவின் கல்யாணத்துக்கு ஒயின் தன் பொறுப்பு என்று இப்போது போனில் தாராளம் காட்டினான். அவன் அனுப்பும் ஒரு சொட்டுகூட மகளின் கல்யாண மேசைக்கு வராது என்று நெட்டி சபதம் செய்திருந்தாள்.

கடைக்காரர் எல்வின், சாற்றைப் புளிக்கவைக்கப் புது வாளி ஒன்றும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் நல்ல வாளி இருக்கிறது என்றாள். பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் சதகுப்பைத் தழையும் பூண்டும் போட்டு வெள்ளரிக்காய் ஊறவைத்த வாளி அது. கொதிநீர், சோடா, மறுபடி கொதிநீர் என்று மூன்று நாள் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. திரைச்சீலை முதல் தலையணை வரை அதே வாசனை ஊறிய வீட்டில் வாழும் மூக்குக்கு வேறெப்படித் தெரியும்?

வாளியில் சாறு அழுக்கு நுரையாகப் பொங்கியதைப் பார்த்து ஒரு வாரம் முகம் சுளித்தாள். பிறகு கண்ணாடி ஜாடிக்கு மாற்றினாள். ஜாடி மூடியில் காற்றுப் போகச் செருகிய குழாய் விடாமல் ஏப்பம் விட்டது. மெட்ரோ சாப்பிட்டு எழுந்த மாதிரியே. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு முப்பது புட்டிகளில் அடைத்து, மணமக்கள் பெயர் அச்சிட்ட காகிதமும் ஒட்டினாள்.

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரெஜைனாவிலிருந்து தமாரா வந்தாள். ஒயினில் ஒரு வாய் எடுத்தாள். விழுங்கவில்லை. தொட்டியில் துப்பிவிட்டு, தண்ணீரைத் திறந்து விட்டாள்.

"அம்மா, இதுல என்ன போட்ட?"

"பெட்டியில இருந்ததத்தான்."

"வெள்ளரிக்கா தின்னுட்டு அந்த உப்புத் தண்ணியையும் குடிச்ச மாதிரி இருக்கும்மா. பூண்டு நெஞ்சுல நிக்குது."

நெட்டி வாசல் தாண்டி வெளியே போய், கால் மணி நேரம் காற்று வாங்கி, திரும்பி வந்து குடித்தாள். உண்மைதான். அவளுக்கு வந்த அருவருப்பு ஒயின் மேல் அல்ல. ஒரு வாளியை வாங்காமல் வீம்பு பிடித்த தன் மேல்தான்.

தமாரா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பாகிட்டயே அனுப்பச் சொல்லிடவா?"

நெட்டி நிலவறைக்கு இறங்கி, புட்டி புட்டியாகத் திறந்து தரையிலிருந்த சாக்கடைக் குழியில் ஊற்றினாள். சதகுப்பை நாற்றம் படியேறி வந்தது. மகளின் பெயரை நகத்தால் சுரண்டி எடுக்கும்போது மட்டும் அவள் கண்ணிலிருந்து நீர் சொட்டியது. தமாரா பக்கத்தில் உட்கார்ந்து தானும் சுரண்டினாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் நெட்டி உள்ளே நுழைந்தாள்.

"இந்தப் பெட்டி ஒயின் ஆக எத்தன வாரம், எல்வின்?"

"ஆறு வாரம், அக்கா."

"ஒரு வாரம் மிச்சம் இருக்கு. அந்த மீன் சளிப் பெட்டி ஒண்ணு குடு. புது வாளியும்."

வீட்டில், இன்னும் ரெஜைனாவுக்குத் திரும்பாத மகளிடம் வாளியை நீட்டினாள்.

"எம் மூக்க நம்ப மாட்டேன். நீ மோந்து பாரு."

தமாரா தலையையே உள்ளே விட்டு மோந்தாள். வெறும் பிளாஸ்டிக் வாசனைதான் என்றாள். நெட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே சாற்றுப் பையைக் கத்தரித்தாள்.