அடுக்களை சுவிட்சில் சிவப்பு வயர்

காலை ஏழு மணிக்கு ஸ்ரீவராகம் அக்ரகாரத்திலிருந்து மாமியின் போன்.

"அடுக்களை லைட் கண்ணடிக்கறதுடி. இன்னிக்கு மாமனாருக்குத் தெவசம். பத்து மணிக்கு வாத்தியார் வந்துடுவார். உடனே வா, கேட்டியா?"

குரலில் அவசரம் இருந்தது. பழவங்காடியில் எலக்ட்ரிக் சாமான் கடை திறக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. பையில் ஒரு புது ஹோல்டரும் இரண்டு சுவிட்சும் இருந்தன, போதும் என்று கிளம்பிவிட்டேன்.

நான் வயர்மேன் பெர்மிட் எடுத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பெண் என்பதால் புது வீடுகளில் கதவைத் திறக்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "எலக்ட்ரீஷியன் எவிடெ?" என்று மலையாளத்தில் ஆளைத் தேடுவார்கள். "பைக்குள்ள இருக்காரு, எடுக்கவா?" என்று நாகர்கோவில் தமிழிலேயே கேட்பேன். பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும், மீதிப் பேருக்குக் கோபம் வரும். மாமி அந்த ரகம் இல்லை. பத்து வருடமாக என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் லைட் வேண்டும். சுவிட்ச் அடுக்களைக்கு வெளியே, வாசலை ஒட்டிய சுவரில் இருந்தது. ஹோல்டர் உள்ளே, அடுப்பு மேடைக்கு மேலே கை எட்டும் உயரத்தில். அதில் ஒரு குண்டு பல்பு. எல்இடி போட்டால் பருப்பின் நிறமே தெரியவில்லை என்பது மாமியின் கட்சி.

நான் போனபோது மாமி நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வந்துடாதே. நான் மடி. அங்கேருந்தே பாரு."

மடி என்றால் தலைக்குக் குளித்து, ஈரம் காயாத புடவையோடு சமைப்பது. மடியில்லாத யாரும், பெற்ற மகனே ஆனாலும், உள்ளே காலை வைக்கக் கூடாது. வைத்தால் அதுவரை சமைத்தது எல்லாம் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மகனுக்கே அப்படி என்றால் எனக்கு இன்னும் இரண்டடி தள்ளி. எனக்கு அது பிடிக்காது. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

"மெயின ஆஃப் பண்ணணுமே மாமி."

"ஐயோ, மோட்டார் ஓடிண்டிருக்கு. டேங்க் ரொம்பலேன்னா வாத்தியார் கால் அலம்பக்கூட ஜலம் இருக்காது."

பழைய வீடு. மொத்தத்துக்கும் ஒரே ஃப்யூஸ், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற ஈஎல்சிபி கிடையாது. அங்கேயே நான் பையை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசை, வேறென்ன?

சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத் திறந்தேன். பின்னால் இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சுவிட்சுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் வரும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபேஸ் மட்டும் சுவிட்சுக்கு வந்து, அதன் வழியாக பல்புக்குப் போக வேண்டும். நியூட்ரல் சுவிட்சுக்கு வராமல் நேராக பல்புக்குப் போகும். அதுதான் முறை.

டெஸ்டரை வைத்தேன். சிவப்பில் எரிந்தது, கறுப்பில் எரியவில்லை. ஃபேஸ் சிவப்பில் வந்து, ஆஃப் சுவிட்சில் நிற்கிறது என்று முடிவு கட்டினேன். நிறமும் ஒத்துப்போனது.

"சுவிட்சு நல்லாத்தான் இருக்கு மாமி. கோளாறு ஹோல்டர்லயாக்கும். லைட் ஆஃப்லதான் இருக்கு, பல்பக் கழட்டிப் பாருங்க. ஒண்ணும் ஆகாது."

வாசலில் நின்று மொபைல் டார்ச்சை இடது கையால் அடித்துக் காட்டினேன். வலது கையில் டெஸ்டர் இன்னும் சிவப்பு வயரிலேயே இருந்தது. மாமி பல்பைக் கழற்றினார்.

"உள்ள ஒரே கரிடி. விரலால துடைச்சுட்டா சரியாயிடுமோ?"

துடையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டெஸ்டர் அணைந்திருந்தது.

ஃபேஸ் சுவிட்சுக்கு வந்திருந்தால், பல்பைக் கழற்றினாலும் டெஸ்டர் எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். அணைந்துவிட்டது என்றால், இவ்வளவு நேரம் அந்தக் கரண்ட் பல்பின் வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. யாரோ எப்போதோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை. ஃபேஸ் நேராக ஹோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் உண்டு. அதற்குள் விரலை விடப் போகிறவர் ஈரப் புடவையோடு, ஈரத் தரையில், செருப்பில்லாமல் நிற்கிறார்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம். அன்று நான் யோசித்ததாக நினைவில்லை. உள்ளே பாய்ந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். விரலுக்கும் ஹோல்டருக்கும் நடுவே ஒரு அங்குலம்கூட இல்லை.

மாமி அலறினார். "என்னடி பண்றே! தொட்டுட்டியே! எல்லாம் போச்சே!"

மேடை முழுக்கப் பாத்திரங்கள். மோர்க்குழம்பு ஆகியிருந்தது, பாயசம் ஆகியிருந்தது, தாம்பாளத்தில் எள்ளுருண்டை. விடியற்காலையிலிருந்து அவர் தனியாளாகச் செய்தவை.

நான் கையை விடவில்லை. மற்ற கையால் டெஸ்டரை ஹோல்டரின் பித்தளைப் பின்னில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

"சுவிட்சு ஆஃப்லதான் மாமி இருக்கு. பாருங்க."

மாமி டெஸ்டரைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார், காலடியில் தேங்கியிருந்த தண்ணீரையும் பார்த்தார்.

கூடத்தில் தர்ப்பையும் எள்ளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த மாமா அங்கிருந்தே கேட்டார். "என்ன சத்தம்? அவ உள்ள வந்துட்டாளா?"

நான் மாமியின் அடுக்களையில், மாமியின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறேன்.

"கரப்பான் வந்தது, பயந்துட்டேன்," என்றார் மாமி. "அவ வாசல்லேயேதான் நிக்கறா. நீங்க மோட்டாரை நிறுத்திட்டு மெயினை ஆஃப் பண்ணுங்கோ. வாத்தியார் கால் அலம்ப நான் வாளியில பிடிச்சு வெச்சுக்கறேன்."

பிறகு என்னிடம் மெதுவாக, "கையை விடு. பண்ண வேண்டியதைப் பண்ணு. பேசாதே," என்றார்.

மெயின் போனதும், கதவுக்கு மேலே வயர்கள் சேரும் பெட்டியைத் திறந்து ஜாயின்டை மாற்றினேன். ஃபேஸை சுவிட்சுக்கும் நியூட்ரலை ஹோல்டருக்கும் கொடுத்தேன். கரிந்த ஹோல்டரைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். அதற்குள் மாமி கொல்லைக் குழாயடியில் இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு பாத்திரத்தையும் கொட்டவில்லை. மெயின் வந்ததும் பல்பு இல்லாமலேயே, சுவிட்ச் ஆஃபில், ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைத்தேன். இரண்டிலும் எரியவில்லை. பல்பைப் போட்டுவிட்டு, கொல்லை வழியாகவே வெளியே வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். லைட் அணைந்தால் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். சுவிட்சில் ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் எரியாவிட்டால், சரியான வயரிங்கும் தலைகீழ் வயரிங்கும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். மெயினை ஆஃப் செய்து பல்பைக் கழற்றி, மறுபடி மெயினைப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் டெஸ்டர் போகாத இடத்தில் இன்னொருவர் கையைப் போகச் சொல்லாதீர்கள்.

முன்பெல்லாம் இந்தக் கதையைச் சொன்னால் மடியின் மேல்தான் பழியைப் போடுவேன். கேட்கிறவர்களுக்கும் அதுதான் ருசிக்கும். ஆனால் 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்னது மாமி இல்லை, நான். அன்று மாமி தெரிந்தே ஒரு பொய் சொன்னார், அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. நான் உண்மை என்று நம்பிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையால், மாமி அந்த அடுப்படியிலேயே செத்துப்போயிருப்பார்.