எட்டுப் பேருக்கு ஒரே ரூம்

பட்டாசுக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்க்கும் எட்டுப் பெண்கள், அந்தமான் போக ஆசைப்பட்டு இன்று ஒரு டூர் ஆபீசுக்குப் போயிருந்தோம்.

கடல், தென்னை, அந்த ஊர்க்காரர்களின் ஆட்டம் என்று போனில் காட்டிய தம்பி, “எட்டுப் பேரும் ஒரே ரூம்ல ஜாலியா இருக்கலாம்க்கா” என்றார்.

செல்வி அக்கா எழுந்துவிட்டார்.

“ஒரு ரூமுக்கு நாலு பேருதான் தம்பி. எந்தங்கச்சி வெடி விபத்துல செத்த ரூம்ல ஒம்பது பேரு இருந்தாக.”

“இது ஹோட்டல்க்கா. அங்கன என்ன வெடிமருந்தா கிடக்கு?”

“எத்தன வாசல்?”

“ஒண்ணுதான்.”

எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சுவரில் எழுதியிருக்கும் சட்டம். நாளைக் காலை அதே சுவருக்குக் கீழே ஒரே ரூமில் எட்டுப் பேரும் உட்காருவோம்.

வேண்டாமென்று எழுந்து வர எங்களுக்கு அந்தமான்தான் கிடைத்தது. உங்களுக்கு எது?