வாளி கேட்டு வருகிறவர்

எங்கள் லைன் வீடுகளில் ஒருவனுக்கு வேலை போனால் அது முதலில் அவன் பெண்டாட்டிக்குத்தான் தெரியும். அவன் கொட்டகையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு இருப்பான். அதற்குள் காவல்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து, பண்ணை கொடுத்த வாளியையும் லாந்தரையும் கேட்பார். எடுத்துக் கொடுத்தால் கதை முடிந்தது. முதலாளி எவனையும் முகம் பார்த்துப் போ என்று சொன்னதில்லை. அவ்வளவு தைரியசாலி!

ஐம்பதுகளில் மத்திகிரிக்கு அப்பால் இருந்த தனியார் பால் பண்ணை அது. பால் பெங்களூருக்குப் போகும். என் வீட்டுக்காரர் அங்கே கறவைக்காரர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த கேழ்வரகுக் கொல்லையை வருஷம் தவறாமல் யானைகள் மிதித்துத் தின்றன. கடைசியில் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு இங்கே வந்தோம். வேலை போனால் வீடும் போகும். திரும்பிப் போக ஊரில் ஒரு முழம் மண் கிடையாது.

மழை பொய்த்த வருஷம், தீவனம் இல்லாமல் மாடுகளை விற்க ஆரம்பித்தார்கள். பேரிகைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போன மறுநாளே காவல்காரர் லைனுக்குள் வருவார். மாடு குறைந்தால் ஆளும் குறைய வேண்டுமாம். எங்கள் வீட்டு வாளியை எப்படி வைத்திருப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தால், கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்று தோன்றும். தேய்க்காமல் விட்டால், அதையே குற்றமாகச் சொல்வார்களோ என்று தோன்றும். தடி ஊன்றும் சத்தம் வந்தால் களி கிண்டுகிற கை நின்றுவிடும். யாரும் வராத நாளிலும் அந்தச் சத்தம் கேட்டது.

"யானை வந்தாலாச்சும் தப்பட்ட அடிச்சித் தொரத்தலாம். இதுக்கு எத்த அடிக்கறது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சும்மா இருமே. நம்மள எல்லாம் அனுப்ப மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுக் காய்ச்சல் உடம்போடு வேலைக்குப் போனார்.

ஒரு நாள் முற்பகலில் தடிச் சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. அழக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். வாளித் தண்ணீரைக் கத்திரிச் செடிக்கு ஊற்றினேன். லாந்தரையும் எடுத்து வந்து இரண்டையும் காவல்காரர் முன்னால் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. அவருடைய இன்னொரு கையில் ஏற்கெனவே ஒரு வாளியும் லாந்தரும் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இது என்னுது தங்கச்சி. என்னையே போகச் சொல்லிட்டாங்க. இனிமே இந்த வேலையும் உன் வீட்டுக்காரரே பாக்கணுமாம்" என்று சொல்லி, எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். தடியைச் சுவரில் சாத்தினார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

மறுவாரம் என் வீட்டுக்காரர் பகல் சாப்பாட்டுக்கு லைனுக்குள் வந்தார். கையில் அந்தத் தடி. அவர் நடக்க நடக்க ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு அடங்கிற்று. எதிர்வீட்டுப் பெண், தினமும் என் அடுப்புக்கு நெருப்பு கொடுக்கிறவள், வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வாளியை அவர் முன்னால் நீட்டினாள்.

"நான் சோறு தின்னத்தாம்மா வந்தேன்" என்றார் அவர்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

அதன் பிறகு பகலில் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார். களி உருண்டையை நான்தான் கொட்டகைக்கு எடுத்துப் போவேன். அவருடைய வேலை கடைசிவரை போகவில்லை. ஆனால் பொழுது சாய்ந்து அவர் வீட்டுக்கு வரும்போது, தடிச் சத்தம் கேட்கும். வருவது அவர்தான் என்று தெரியும். தெரிந்தும், எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுவேன்.